கரும்புகை, கரி பிடித்த பிளக், குறைந்த மைலேஜ்: பழைய பைக்கில் ரிச்சாக ஓடும் கார்பரேட்டர் பற்றிய கேள்வி பதில்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐயும், அதிலுள்ள மிக்கார்ப் விஎம்24 கார்பரேட்டரையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மிக்குனி விஎம் வகை ஸ்லைடு கார்பரேட்டர் (த்ராட்டிலைத் திருகினால் ஸ்லைடு என்ற உருளை மேலே எழுந்து காற்று வழியைத் திறக்கும் வகை) உள்ள மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். யமஹா ஆர்எக்ஸ் 100 வேறுபடும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

ரிச்சாக ஓடுகிறது என்றால் என்ன?

காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் உள்ளே போகிறது என்று பொருள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதற்குக் குறைந்தால் எரியாத மிச்சம் கரியாகவும் கரும்புகையாகவும் வெளியே வரும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது சோக் போட்டு நாமே ரிச்சாக்குகிறோம். சூடான பிறகும் அப்படியே ஓடினால்தான் கோளாறு.

என் வண்டி ரிச்சாகத்தான் ஓடுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

மைலேஜ் குறைந்துவிட்டது என்பது மட்டும் போதாது. பிரேக் ஷூ உரசினாலும், க்ளட்ச் நழுவினாலும், டயரில் காற்று குறைந்தாலும் மைலேஜ் இறங்கும். கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்றாவது சேர்ந்து பொருந்த வேண்டும்.

காலையில் சோக் போடாமலே ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் இழுவை போய் மந்தமாகிறது. இது ரிச்சுக்கு மிக நல்ல அடையாளம். லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்து ஓடும் வண்டி இதற்கு நேர்மாறு: காலையில் வெகுநேரம் சோக் கேட்கும், சூடாக ஆகச் சரியாகும்.

சைலன்ஸர் முனையின் உள்பக்கம் விரலை விட்டுத் தேய்த்தால் அடுப்புக்கரி போல உலர்ந்த கருப்பு ஒட்டும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் நிற்பவருக்குக் கண் எரியும்.

எனக்குப் பிடித்த சோதனை பெட்ரோல் டேப்பை மூடிப் பார்ப்பது. ஆளில்லாத நேர் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே டேப்பை மூடுங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கக் கலவை லீன் பக்கம் நகரும். நிற்பதற்குச் சற்று முன்பு இன்ஜின் திடீரென்று சுத்தமாக, உற்சாகமாக இழுத்தால், அதுவரை ரிச்சாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சில நொடிகளைக் கவனித்துக் கேளுங்கள். பாலத்தின் மீதும் நெரிசலிலும் இதைச் செய்ய வேண்டாம்.

பிளக் கருப்பாக இருக்கிறது. கார்பரேட்டர்தான் காரணமா?

கருப்பில் இரண்டு வகை உண்டு. துணியால் துடைத்தால் பொடியாக உதிரும் உலர்ந்த கருப்பு, பெட்ரோல் கரி. பிசுபிசுப்பாக, பளபளவென்று ஈரமாக இருந்தால் அது எண்ணெய். பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும், சைலன்ஸரில் நீலப்புகையும் வரும். கார்பரேட்டரை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது போகாது.

உலர்ந்த கரியாகவே இருந்தாலும் முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள். சிபி பாயிண்ட் (மின்சுற்றைத் துண்டித்து ஸ்பார்க்கை உண்டாக்கும் காண்டாக்ட் பிரேக்கர்) இருக்கும் பழைய புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தாலோ, கண்டென்சர் சோர்ந்திருந்தாலோ ஸ்பார்க் மஞ்சளாக, மெலிந்து வரும். சரியான கலவையைக்கூட அது முழுதாக எரிக்காது. அறிகுறி எல்லாம் ரிச் போலவே இருக்கும். பாயிண்டைச் சுத்தம் செய்து, டைமிங் பார்த்து, புது பிளக் போட்டு ஒரு வாரம் ஓட்டிய பிறகு கார்பரேட்டருக்கு வருவதுதான் முறை. பாதி வண்டிகள் இங்கேயே சரியாகிவிடும்.

மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருப்பி டியூன் செய்து கொடுத்தார். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

அவர் திருப்பியது ஏர் ஸ்க்ரூ. அது ஐடிலிங்கையும் அதற்குச் சற்று மேலேயும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கடை வாசலில் வண்டி நின்றபடி ஓடும்போது கேட்க நன்றாக இருக்கும். சாலையில் நீங்கள் பெரும்பாலும் ஓட்டுவது கால் பங்கு த்ராட்டிலுக்கும் முக்கால் பங்கு த்ராட்டிலுக்கும் நடுவில். அங்கே அந்த ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கும்போது கோளாறு வருகிறது?

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

த்ராட்டில் பிடியின் ரப்பர் மீது ஒரு சிறு காகித டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பக்கத்தில் அசையாத பகுதியில் இன்னொரு டேப் ஒட்டி, முழுதாக மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுதாகத் திறந்த நிலை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். வேகத்தையும் கியரையும் மறந்துவிட்டு, கோடு எங்கே இருக்கும்போது தடதடப்பும் மிஸ்ஸிங்கும் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்துவிடும் சிறு ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு) ஏர் ஸ்க்ரூவும் பொறுப்பு. அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் கீழ் விளிம்பில் வெட்டிவிட்டிருக்கும் சரிவு. வேறு வண்டியின் ஸ்லைடை யாராவது மாட்டியிருந்தால் ஒழிய இதில் பிரச்சினை வருவதில்லை. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடிலும் (ஸ்லைடிலிருந்து தொங்கும் கூரான ஊசி) அது இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்கு மேலே மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும், அது பரவாயில்லை.

எல்லாத் திறப்பிலும் ஒரே மாதிரி ரிச்சாக இருந்தால் ஜெட்டுகளைச் சந்தேகிக்க வேண்டாம். ஏர் ஃபில்டர், சோக், ஃப்ளோட் மட்டம் (கிண்ணத்திலுள்ள மிதவை நிறுத்தும் பெட்ரோல் மட்டம்) ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுத் தெருவில் ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காகித ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து காலம் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் பட்டுக் கருத்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. ஃபில்டர் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் நம் ஊர்த் தூசியில் சிலிண்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்தது சோக். விஎம் கார்பரேட்டரில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு இல்லை. தனியாக ஒரு பெட்ரோல் வழி, அதை மூடித் திறக்கும் சிறு பிளஞ்சர். பிளஞ்சரின் அடியில் இருக்கும் ரப்பர் வெடித்தாலோ கடினப்பட்டாலோ, சோக்கை மூடியிருந்தாலும் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். வண்டி சூடாக ஐடிலில் ஓடும்போது சோக்கைப் போடுங்கள். இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் சோக் அதுவரை ஒழுங்காக மூடியிருந்தது. எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அது ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, அல்லது அந்த வழியே அடைத்திருக்கிறது. பிளஞ்சரைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள்; வட்டமாக ஆழமான தழும்பு இருந்தால் மாற்ற வேண்டும். சோக் லீவர் பாதியில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது.

வண்டியை நிறுத்தி வைத்தால் கார்பரேட்டர் அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. ரிச்சுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு எளிதாக ஜெட் வழியாக மேலே ஏறும். மட்டம் சில மில்லிமீட்டர் கூடினாலே எல்லாத் திறப்பிலும் ரிச்சாகும். வெளியே சொட்டும் அளவுக்குப் போனால் ஓவர்ஃப்ளோ. சொட்டாவிட்டாலும் மட்டம் கூடுதலாக இருக்கலாம் என்பதால் இதை எல்லோரும் பார்க்க வேண்டும்.

டேப்பை மூடி, கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே அடியில் பழுப்பு நிறத்தில் டேங்க் துரு படிந்திருந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. ஃப்ளோட் மேலே வரும்போது பெட்ரோல் வழியை மூடும் ஃப்ளோட் நீடிலின் முனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சீராகக் கூம்பாக இருக்க வேண்டிய இடத்தில் மோதிரம் போல ஒரு பள்ளம் ஓடினால் அது ஒழுங்காக மூடாது. அந்த நீடில் உட்காரும் பித்தளை இருக்கையில் ஒரு துகள் துரு சிக்கினாலும் போதும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கிறது, அது மிதக்காது. பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈயம் வைத்து அடைக்கலாம் என்பார்கள். எடை கூடினால் மட்டம் மறுபடி மாறும் என்பதால் நான் புதியதுதான் போடுவேன்.

எல்லாம் மாட்டிய பிறகு ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஃப்ளோட் கீல் வைத்துத் தொங்கும் வகையில், கிண்ணம் இல்லாமல் கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் எடையே நீடிலை அமுக்கி மூடும். பெட்ரோல் நுழையும் குழாயில் ஒரு சுத்தமான டியூபைச் செருகி வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பிப் பிடித்தால் தாராளமாகப் போக வேண்டும். மூடும் இடம் சரியாக இருந்தும் மட்டம் அதிகம் என்றால், ஃப்ளோட்டின் நடுவில் இருக்கும் பித்தளை நாக்கைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு மிக மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். நாக்கே இல்லாத முழு பிளாஸ்டிக் ஃப்ளோட்டில் அந்த வழி கிடையாது. நீடிலையும் இருக்கையையும் மாற்ற வேண்டியதுதான்.

இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மொபைல் சார்ஜர், சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் லீனாகும்?

ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது: வெளியே திருப்பினால் லீன், உள்ளே திருப்பினால் ரிச். விஎம் வகையில் இப்படித்தான். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, திசை தலைகீழ். வேறு வண்டியில் கற்றதை இங்கே போடும்போதுதான் குழப்பம் வரும்.

வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். ஸ்க்ரூவை மெல்ல உள்ளே போகும்வரை திருப்பி, முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசி முனை உடையும் அல்லது ஓட்டை அகலும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாகத் திருப்பி ஐடில் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் பெரியது. ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஒன்றுமே மாறவில்லை என்றால், ஐடில் ஸ்க்ரூ ஸ்லைடை மிகவும் தூக்கி வைத்திருக்கிறது. அப்படியும் இல்லையென்றால் பெட்ரோல் வேறு வழியாக, சோக் அல்லது ஃப்ளோட் பக்கமிருந்து, வந்துகொண்டிருக்கிறது.

நடு த்ராட்டிலில்தான் பிரச்சினை. நீடிலை என்ன செய்ய வேண்டும்?

பழைய வண்டியில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். நீடிலின் மேல்பகுதியில் வரிசையாகச் சில வெட்டுகள் இருக்கும், ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மேல் வெட்டுக்கு, அதாவது மொட்டை முனைப் பக்கம் மாற்றினால் நீடில் கீழே இறங்கும், லீனாகும். ஒரு தடவைக்கு ஒரு வெட்டு மட்டும்.

ஆனால் வருடக்கணக்காக நன்றாக ஓடிய வண்டி திடீரென்று ஏன் கிளிப் மாற்றம் கேட்கிறது? தேய்மானம்தான். புல்லட்டின் அதிர்வில் நீடில், நீடில் ஜெட்டின் ஓட்டையில் உரசிக்கொண்டே இருக்கிறது. வட்டமாக இருந்த ஓட்டை நீள்வட்டமாகிறது, இடைவெளி கூடுகிறது, பெட்ரோல் அதிகம் ஏறுகிறது. நீடிலை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றுங்கள்: ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று மழுங்கியிருக்கும். நகத்தால் மேலிருந்து கீழே வருடினால் சிறு படி தட்டுப்படும். அப்படி இருந்தால் கிளிப்பை மாற்றிப் பயனில்லை. நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். நீடிலை மட்டும் மாற்றினால் பணம் வீண். இது தெரியாமல் மெயின் ஜெட்டைச் சிறியதாக்கி, முழு வேகத்தில் இன்ஜினைச் சூடேற்றிக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

மெயின் ஜெட் எப்போது காரணமாகும்?

முந்தைய உரிமையாளர் பாட்டில் சைலன்ஸர் மாட்டியிருப்பார், அதற்காகப் பெரிய மெயின் ஜெட் போட்டிருப்பார். விற்கும்போது பழைய சைலன்ஸரைத் திரும்ப மாட்டிவிட்டு ஜெட்டை மறந்திருப்பார். ஜெட்டின் தலையில் எண் பொறித்திருக்கும். எண் பெரிதானால் ஓட்டையும் பெரிது. சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, ஜெட் தளர்ந்து கழன்று கிண்ணத்தின் அடியில் கிடக்கும். அப்போது ஐடில் அருமையாக இருக்கும், த்ராட்டிலைத் திறந்தால் கரும்புகையோடு மூச்சு முட்டும்.

ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். க்ளட்ச் கேபிளின் எஃகு இழை பித்தளையைச் சுரண்டிவிடும், பிறகு மேலே பொறித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றழுத்தமும் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ரிச்சாகிறதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் வேதியியல் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன். எனவே 20 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல் அதே ஜெட்டில் கொஞ்சம் லீனாகவே எரியும். மைலேஜ் சற்றுக் குறைவது எத்தனாலில் வெப்ப ஆற்றல் குறைவு என்பதால். ஆனால் சுற்றி வளைத்து எத்தனால் ரிச்சுக்குக் காரணமாவது உண்டு: பழைய ரப்பரை உப்பவைக்கவும் கடினமாக்கவும் செய்யும், ஈரத்தை இழுத்து டேங்கில் துருவைக் கிளப்பும். சோக் பிளஞ்சர் ரப்பரும் ஃப்ளோட் நீடில் முனையும்தான் முதலில் அடிவாங்கும். அதாவது மேலே சொன்ன ஓவர்ஃப்ளோ.

ஊட்டிக்குப் போனால் மட்டும் இழுவை இல்லை. கோளாறா?

இல்லை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தால் ஐடில் சீராகும். அங்கேயே குடியிருப்பவர்கள் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போட்டுக்கொள்ளலாம். அந்த வண்டியோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பழைய ஜெட்டை மாட்ட மறக்க வேண்டாம். ரிச்சைவிட லீன் ஆபத்து.

புகைச் சான்றிதழில் இருக்கும் எண் உதவுமா?

உதவும், குழாயை உண்மையிலேயே சைலன்ஸரில் விட்டுச் சோதித்திருந்தால். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம், அதற்குப் பிறகு தயாரான பழைய வண்டிகளுக்கு 3.5 சதவீதம். எண் வரம்பைத் தாண்டினால் ஐடில் ரிச் என்று தயங்காமல் சொல்லலாம். ஐடிலில்தான் அளக்கிறார்கள் என்பதால் நீடிலும் மெயின் ஜெட்டும் அதில் தெரியாது.

ஆர்எக்ஸ் 100-க்கும் இதே வழிதானா?

கண்டுபிடிக்கும் முறை அதேதான். டூ ஸ்ட்ரோக் என்பதால் புகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் பம்ப் அதிகம் ஊற்றினாலும் புகை வரும். ரிச்சாக இருந்தால் நடு வேகத்தில் ஒன்றுவிட்டு ஒன்று வெடிப்பது போல பொதபொதவென்று கேட்கும். லீனாக்கும்போது மட்டும் மிகக் கவனம். ஒரு படி அதிகமாகப் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிர் பழுப்புக்கு மேல் வெளுக்க விடாதீர்கள்.

ரிச்சாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன?

மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், ரிங் தேயும். இன்ஜின் ஆயிலைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், கோளாறைச் சரிசெய்தவுடன் ஆயிலையும் மாற்ற வேண்டும். இரவு முழுக்க டேப் திறந்து கிடந்து காலையில் கிக்கர் பாதியில் முட்டினால் அழுத்தி மிதிக்காதீர்கள், சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்து வைத்து, மெல்ல வெளியேற்றுங்கள்.

நடுவழியில் அதிகப் பெட்ரோலால் நின்றுவிட்டால் எப்படிக் கிளப்புவது?

டேப்பை மூடுங்கள், சாவியை அணையுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து, டிகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்தபடி ஏழெட்டு முறை உதையுங்கள். லீவரை விட்டு, சாவி போட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வைத்து உதையுங்கள். கிளம்பிய பிறகு டேப்பைத் திறந்தால் போதும்.

பேசாமல் புது கார்பரேட்டர் வாங்கிவிடலாமா?

உடம்பில் ஸ்லைடு ஓடும் பாதையே தேய்ந்து, ஸ்லைடு கையில் ஆடினால் வாங்கத்தான் வேண்டும். மற்றபடி ஃப்ளோட் நீடில், சோக் ரப்பர், நீடில் ஜோடி, கேஸ்கெட் இவற்றை மாற்றினால் பெரும்பாலான பழைய மிக்கார்ப் மறுபடி ஒழுங்காக ஓடும். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இவை கிடைக்கும். பெட்டியில் வரும் விலை குறைந்த போலி ஜெட்டுகளில் எண் ஒன்று, ஓட்டை வேறொன்றாக இருப்பதுண்டு. புதியதே வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் அதன் மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் எண்களைப் பழையதோடும் சர்வீஸ் புத்தகத்தோடும் ஒப்பிட்டு எழுதிவையுங்கள். 350-க்கு என்று சொல்லி 500-இன் ஜெட்டோடு விற்பதும் நடக்கிறது.